தன்னை மறைத்துக்கொண்ட நடிகர்: அலெக் கின்னஸின் மேடையும் திரையும்

அலெக் கின்னஸின் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. 1914 ஏப்ரல் 2 அன்று லண்டனின் மைடா வேல் பகுதியில் ஆக்னஸ் கஃப் என்ற பெண்ணுக்குப் பிறந்த அந்தக் குழந்தையின் பெயர் 'அலெக் கின்னஸ் டி கஃப்' என்று பதிவாகியிருந்தது. பின்னாளில் உலகெங்கும் ஒலித்த அந்தப் பெயர் யார் வழியாகத் தமக்கு வந்தது என்பது அவருக்கே கடைசிவரை உறுதியாகத் தெரியவில்லை. பள்ளிக் கட்டணத்தைச் செலுத்திவந்த ஆண்ட்ரூ கெட்டிஸ் என்ற வங்கியாளரே தந்தையாக இருக்கக்கூடும் என்பது ஓர் ஊகம் மட்டுமே. அலெக்குக்கு ஐந்து வயதானபோது தாய் ஸ்டிவன் என்ற இராணுவ அதிகாரியை மணந்தார். சில ஆண்டுகளே நீடித்த அந்த மணவாழ்வு பையனுக்கு 'அலெக் ஸ்டிவன்' என்ற பெயரையும் மாற்றாந்தந்தையைப் பற்றிய அச்சத்தையும் கொடுத்துவிட்டு முடிந்தது. சான்றிதழில் இருப்பது வேறு பெயர் என்று அவர் அறிந்துகொண்டபோது வயது பதினான்கு.

இந்த வரலாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, 'பெயரற்றுப் பிறந்தவர் வாழ்நாள் முழுவதும் பிறர் முகங்களுக்குள் ஒளிந்துகொண்டார்' என்று எழுதுவது எளிது. அப்படிப் பலர் எழுதியும் இருக்கிறார்கள். அதில் உண்மை சிறிதும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விளக்கம் ஒரு தொழில்காரரின் பல்லாண்டு உழைப்பை மனக்காயத்தின் தானான விளைவாகச் சுருக்கிவிடுகிறது. தந்தை பெயர் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் எவரும் ஒரே படத்தில் எட்டு வேடம் கட்டி, எட்டையும் எட்டு மனிதர்களாக நிறுத்திக் காட்டவில்லை. கின்னஸின் 'மறைதல்' முதன்மையாக ஒரு கைவினை. அது எங்கே கற்கப்பட்டது, எந்த ஊடகத்தில் கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்று பார்த்தால்தான் அவருடைய வாழ்க்கைப் பாதையின் ஏற்ற இறக்கங்கள் புரியும்.

பள்ளி முடிந்ததும் அவர் லண்டனில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலையில் சேர்ந்தார். சொற்பச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மலிவான இருக்கைகளில் அமர்ந்து நாடகம் பார்த்துவந்தவர், அக்காலத்தின் முன்னணி நடிகரான ஜான் கீல்கட்டை அணுகி வழி கேட்டார். கீல்கட் அவரை மார்ட்டிடா ஹன்ட் என்ற நடிகையிடம் பயிற்சிக்கு அனுப்பினார். சில வகுப்புகளுக்குப் பிறகு ஹன்ட், நடிப்புக்கான திறமை சற்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். பின்னர் அவரே மனம் மாறிப் பயிற்சியைத் தொடர்ந்தார். ஃபே காம்ப்டன் நடிப்புப் பள்ளியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. அங்கே ஆண்டு இறுதியில் பரிசு வழங்கிய நடுவர்களில் கீல்கட்டும் ஒருவர். 1934 இறுதியில் கீல்கட்டின் 'ஹாம்லெட்' மேடையேறியபோது, ஆஸ்ரிக் என்ற சிறிய வேடம் கின்னஸுக்கு வந்தது.

அடுத்த ஐந்தாண்டுகளை அவருடைய உண்மையான கல்விக் காலம் என்று சொல்லலாம். கீல்கட்டின் குழுவிலும் ஓல்டு விக் அரங்கிலும் மாறி மாறி நடித்தார். ரஷ்யாவிலிருந்து வந்த கோமிசார்ஜெவ்ஸ்கி, பிரான்சிலிருந்து வந்த மிஷேல் சென்-டெனி, உள்ளூர்க்காரரான டைரன் கத்ரி ஆகிய மூன்று இயக்குநர்கள் மூன்று வகையில் அவரைச் செதுக்கினார்கள். குரலை இசைபோல நீட்டிப் பேசும் கீல்கட்டின் பாணி அன்றைய இளம் நடிகர்களைக் கட்டிப்போட்டிருந்தது; கின்னஸும் தொடக்கத்தில் அதற்கு அடிமைப்பட்டே இருந்தார். அதிலிருந்து விடுபட அவர் கண்ட வழி வெளியிலிருந்து உள்ளே போவது: பாத்திரத்தின் நடையை முதலில் கண்டுபிடிப்பது, பிறகு தோள், பிறகு கை, கடைசியாகக் குரல். நடை பிடிபடும்வரை பாத்திரம் தமக்குள் வரவில்லை என்ற எண்ணம் அவருக்கு இறுதிவரை இருந்தது. 1938இல், 24 வயதில், கத்ரியின் இயக்கத்தில் இக்கால உடையில், ஒரு வரியும் வெட்டப்படாத முழு 'ஹாம்லெட்' நாடகத்தில் தலைமை வேடம் ஏற்றார். அதே ஆண்டு மெருலா சாலமன் என்ற நடிகையை மணந்தார். அவர்களின் ஒரே மகன் மேத்யூ 1940இல் பிறந்தான்.

போர் அவரைக் கடற்படைக்குக் கொண்டுபோயிற்று. 1941இல் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து, அடுத்த ஆண்டு அதிகாரியாகி, 1943 ஜூலையில் சிசிலித் தீவின் மீது நேச நாடுகள் படையெடுத்தபோது வீரர்களைக் கரையிறக்கும் கலம் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். தாக்குதலின் நேரம் தள்ளிவைக்கப்பட்ட செய்தி அவரை எட்டாததால், அவருடைய கலம் குறித்த நேரத்தில் தனியே போய்க் கரையைத் தொட்டது. பிந்தி வந்தவராகக் கருதிக் கடிந்துகொண்ட மேலதிகாரியிடம், இலண்டன் அரங்குகளில் எட்டு மணி என்று அறிவித்தால் எட்டு மணிக்கே திரை எழும், கடற்படையும் அதைக் கற்றுக்கொள்ளலாம் என்ற பொருளில் தாம் பதில் சொன்னதாக அவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நடிகர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதைகளை நான் ஓரளவு தள்ளுபடியோடுதான் ஏற்பது வழக்கம்; இருந்தாலும் இந்தக் கதையின் தொனி அவருடையதே.

திரைக்கு அவர் வந்தது ஒரு நாடகத்தின் வழியாக. டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை 1939இல் அவரே மேடைக்கு எழுதி, ஹெர்பர்ட் பாக்கெட் வேடத்தில் நடித்திருந்தார். அதைப் பார்த்திருந்த டேவிட் லீன், போருக்குப் பிறகு 1946இல் அந்த நாவலைப் படமாக்கியபோது அதே வேடத்துக்கு அவரை அழைத்தார். அடுத்து லீன் 'ஆலிவர் ட்விஸ்ட்' எடுக்கப்போகிறார் என்று தெரிந்ததும், ஃபேகின் என்ற கிழத் திருடனின் வேடத்தைக் கின்னஸ் கேட்டார். முப்பது வயதை ஒட்டிய, மென்மையான முகம் கொண்ட இந்த இளைஞரா என்று லீன் தயங்கினார். ஒப்பனை முழுவதையும் போட்டுக்கொண்டு கேமரா முன் வந்து நின்றதும் தயக்கம் தீர்ந்தது.

அந்த ஒப்பனையே பிறகு வினையாயிற்று. நாவலுக்கு ஜார்ஜ் குரூக்ஷங்க் வரைந்த பழைய சித்திரங்களை அப்படியே பின்பற்றி, ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் பெரிய வளைந்த மூக்கொன்றைச் செய்து பொருத்தியிருந்தார். யூத இனப்படுகொலை முடிந்து மூன்றே ஆண்டுகள் கழிந்த நிலையில், 1948இல் வெளிவந்த ஒரு படத்தில் அத்தகைய யூத உருவம் தோன்றுவதன் பொருளை இங்கிலாந்தில் படமெடுத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. 1949இல் பெர்லினில் படம் திரையிடப்பட்டபோது யூதர்கள் கொதித்தெழுந்து போராடினார்கள். அமெரிக்காவில் 1951இல்தான், அதுவும் வெட்டுகளுடன், வெளிவர முடிந்தது. உருமாற்றக் கலையில் கின்னஸின் முதற்பெரும் வெற்றி அது. வெளியுருவத்தை வைத்தே ஒரு மனிதனைக் கட்டும் முறைக்குள் இருந்த ஆபத்தும் அதே படத்தில்தான் முதலில் வெளிப்பட்டது.

ஈலிங் நிறுவனத்தின் நகைச்சுவைப் படங்களில் அந்த முறை தனக்கேற்ற வீட்டைக் கண்டடைந்தது. 1949இல் ராபர்ட் ஹேமர் இயக்கிய 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்' படத்தில், பிரபுக் குடும்பம் ஒன்றின் உறுப்பினர்களை ஒருவர் பின் ஒருவராகத் தீர்த்துக்கட்டிப் பட்டத்தை அடைய முயல்கிறான் ஓர் உறவினன். அந்தக் குடும்பத்துப் பிரபு, பாதிரியார், படைத்தளபதி, கடற்படைத் தலைவர், பெண்ணுரிமைக்காரரான லேடி அகதா எல்லாருமே கின்னஸ்தான். முதலில் நான்கு வேடங்களே தரப்பட்டனவாம். நான்கு ஏன், எட்டாகவே இருக்கட்டுமே என்று அவரே கேட்டு வாங்கினார். தேவாலயக் காட்சி ஒன்றில் அவருடைய ஆறு உருவங்கள் ஒரே சட்டகத்தில் தெரிகின்றன. கணினி இல்லாத காலம் அது. ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகம்ப் கேமராவை அசையாமல் நிறுத்தி, படச்சுருளின் ஒவ்வொரு பகுதியாக மறைத்தும் திறந்தும், மீண்டும் மீண்டும் அதே சுருளில் பதிவு செய்தார். யாரும் கேமராவை இடித்துவிடக் கூடாதே என்று இரவில் அதன் அருகிலேயே படுத்திருந்தார்.

தொழில்நுட்ப வித்தையைவிட வியப்புக்குரியது வேறொன்று. எட்டுப் பேரும் ஒரே குடும்பத்தவர் என்பதால் ஒரு சாயல் இருந்தே ஆக வேண்டும். எட்டுப் பேரும் வெவ்வேறு மனிதர்களாகவும் இருக்க வேண்டும். கின்னஸ் எவரையும் பெரிதாக்கிக் காட்டவில்லை. மீசை, தாடி, தொப்பி எல்லாம் மாறுகின்றன, ஆனால் பாத்திரத்தை அடையாளப்படுத்துவது ஒவ்வொருவரும் அலுப்பூட்டும் விதத்தில் உள்ள நுணுக்கமான வேறுபாடுதான். பலவேடப் படங்களில் நடிகர் 'இதோ நான், இதோ மறுபடியும் நான்' என்று கைதட்டலுக்குக் காத்திருப்பது வழக்கம். இங்கே அந்தக் காத்திருப்பு இல்லை.

1951இல் வந்த 'தி லாவண்டர் ஹில் மாப்' படத்தில் இருபது ஆண்டுகள் தங்கக் கட்டிகளுக்குக் காவலாகப் போய்வந்து, யாருடைய சந்தேகத்துக்கும் இடம் தராத வங்கி எழுத்தர் ஒருவர், அந்தத் தங்கத்தைக் கொள்ளையடித்து உருக்கி, ஈஃபில் கோபுரப் பொம்மைகளாக வார்த்து வெளிநாட்டுக்குக் கடத்தத் திட்டமிடுகிறார். கண்ணுக்கே படாத மனிதர் என்பதுதான் அவருடைய மூலதனம். அந்த நடிப்புக்குக் கின்னஸ் முதன்முறையாக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1955இல் 'தி லேடிகில்லர்ஸ்' வந்தது; பொய்ப்பற்களும் நீண்ட கழுத்துத்துண்டுமாக வரும் பேராசிரியர் மார்க்கஸ், மறைவதற்குப் பதில் மிகையாக நடித்தாலும் தம்மால் முடியும் என்று அவர் காட்டிய அரிதான இடம்.

ஆனால் மேடையில் இதே காலத்தில் அவருக்குப் பெரும் அடி ஒன்று விழுந்தது. 1951 மே மாதம் அவரே இணைந்து இயக்கித் தலைமை வேடமும் ஏற்ற 'ஹாம்லெட்' இலண்டனில் அரங்கேறியது. முதல் இரவில் ஒளியமைப்புக் கருவி முறைதவறியது. பேய் வரும் இருட்டில் வெளிச்சமும், வெளிச்சம் வேண்டிய இடத்தில் இருட்டுமாக நாடகம் தடுமாறிற்று. மேல்மாடத்துப் பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். அந்த இரவின் தோல்வியைக் கருவியின் மீது மட்டும் சுமத்த முடியாது என்று நினைக்கிறேன். ஹாம்லெட், மக்பெத் போன்ற பாத்திரங்கள் நடிகரைத் தன்னைத் திறந்து வைக்கச் சொல்கின்றன. நான்கு மணி நேரம் அரங்கை ஒற்றை ஆளாக நிரப்பச் சொல்கின்றன. லாரன்ஸ் ஒலிவியே அதற்கென்றே பிறந்தவர். கின்னஸின் வெற்றிகளோ ஒலிவியேயின் 'லியர்' நாடகத்தில் அவர் ஏற்ற கோமாளியைப் போன்றவை: சில வரிகளே பேசி, மற்ற நேரமெல்லாம் அரசனைப் பார்த்துக்கொண்டே இருந்து, பார்வையாளரின் கண்ணைத் தம்மிடம் இழுத்துவிடும் வேடங்கள். 1966இல் சிமோன் சின்யோரேயுடன் நடித்த 'மக்பெத்'தும் எடுபடவில்லை.

மேடை அவரை முற்றாகக் கைவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. டி. எஸ். எலியட்டின் 'தி காக்டெய்ல் பார்ட்டி' நாடகம் 1949இல் எடின்பரோவிலும் பிறகு நியூயார்க்கிலும் அவருடைய மருத்துவர் வேடத்தால் நின்றது. 1953 ஜூலையில் கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற சிற்றூரில் கத்ரி ஒரு நாடக விழாவைத் தொடங்கியபோது, பெருங்கூடாரம் ஒன்றுக்குள் 'மூன்றாம் ரிச்சர்டு' வேடத்தில் அந்த விழாவின் முதல் வரிகளைப் பேசியவர் கின்னஸ்தான். இன்று வட அமெரிக்காவின் முதன்மையான நாடக விழாக்களில் ஒன்றாக அது வளர்ந்திருக்கிறது. 1964இல் கவிஞர் டிலன் தாமஸாக நடித்து நியூயார்க்கில் டோனி விருதும் பெற்றார்.

தமிழ் வாசகர் சற்று நின்று பார்க்க வேண்டிய படம் 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் 1942-43இல் அமைத்த ரயில்பாதையின் ஒரு பாலத்தைச் சுற்றிய கதை அது. படமாக்கப்பட்டதோ இலங்கையின் கித்துல்கலவில். களனி ஆற்றின் பள்ளத்தாக்கில் உண்மையாகவே மரப்பாலம் கட்டி, 1957 மார்ச்சில் அதை ஓடும் ரயிலோடு சேர்த்துத் தகர்த்தார்கள். ஜப்பானியரிடம் கைதியாகி, அவர்களுக்கு அந்தப் பாலத்தைப் பெருமையோடு கட்டிக்கொடுக்கும் பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் நிக்கல்சனின் வேடத்துக்கு முதலில் அடிபட்ட பெயர்களில் ஒன்று சார்ல்ஸ் லாட்டனுடையது. கின்னஸும் முதலில் மறுத்துவிட்டுப் பிறகே தயாரிப்பாளர் சாம் ஸ்பீகலின் பேச்சுக்கு இணங்கினார். நிக்கல்சனைக் கொஞ்சம் நகைச்சுவையோடும் பரிவோடும் காட்ட அவர் விரும்பினார். அந்த ஆள் அலுப்பூட்டுகிற ஒருவனாகத்தான் இருக்க வேண்டும் என்றார் லீன். காட்டின் வெக்கையில் இருவருக்கும் இடையே ஓயாத சண்டை நடந்தது. கட்டி முடித்த பாலத்தின் மீது நின்று நிக்கல்சன் தம் இராணுவ வாழ்வை எண்ணிப் பேசும் காட்சியை லீன் அவருடைய முதுகுப்புறமிருந்து படமாக்கினார். ஏன் என்று கின்னஸ் கேட்டதற்கு இயக்குநர் வெடித்துச் சீறினார்.

இயக்குநர் சொன்னதே சரி என்று இன்று பார்க்கும்போது தோன்றுகிறது. ஆனால் படத்தைத் தாங்குவது நடிகர் கொண்டுவந்த ஒரு நடை. தகரக் கூண்டில் பல நாள் அடைபட்டுக் கிடந்த நிக்கல்சன் வெளியே கொண்டுவரப்பட்டு, திடலைக் கடந்து ஜப்பானியத் தளபதியின் குடிலுக்கு நடக்கிறார். கால்கள் ஒத்துழைக்கவில்லை, முதுகை மட்டும் நிமிர்த்திக்கொள்ளப் பார்க்கிறார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் மகன் மேத்யூ இளம்பிள்ளைவாதத்தால் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, மெல்ல மெல்ல மீண்டு நடக்கத் தொடங்கியிருந்தான். தம்மை அறியாமலே மகனின் நடையை அங்கே தாம் நடந்துவிட்டதாகக் கின்னஸ் பிறகு சொன்னார். சில நொடிகளே வரும் அந்த நடையைத் தம் வாழ்நாளின் சிறந்த வேலைகளில் ஒன்றாக அவர் கருதினார். மகனின் அதே நோய்க்காலத்தில் நேர்ந்துகொண்ட வேண்டுதலும், பிரான்சில் பாதிரியார் உடையில் படப்பிடிப்பிலிருந்து திரும்பும்போது முன்பின் தெரியாத சிறுவன் ஒருவன் நம்பிக்கையோடு கையைப் பற்றிக்கொண்டு கூட நடந்த நிகழ்ச்சியும் அவரைக் கத்தோலிக்கத்தின் பக்கம் இழுத்தன. 1956இல் அவர் கத்தோலிக்கரானார். அவர் இலங்கையில் இருந்தபோது மனைவியும் அதே மதத்தில் சேர்ந்தார்.

படம் ஏழு ஆஸ்கர்களை வென்றது, சிறந்த நடிகருக்கான விருது அவருக்கு. திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிஸ்டு சார்பினர் என்று கருதித் திரைத்துறையில் வேலை மறுக்கப்பட்டவர்களின் அமெரிக்கக் கறுப்புப் பட்டியலில் இருந்ததால், ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதாத பிரெஞ்சு நாவலாசிரியர் பியர் பூலுக்கு அந்த ஆஸ்கர் போனது. உண்மையான இருவருக்கும் இறந்த பிறகு, 1984இல்தான் உரிமை திரும்பியது. வரலாற்றையும் படம் வளைத்தது. உண்மைப் பாலத்தில் பிரிட்டிஷ் கைதிகளுக்குத் தலைமை தாங்கிய ஃபிலிப் டூசி, எதிரிக்குப் பாலம் கட்டுவதில் பெருமை கொண்டவரல்லர்; வேலையைத் தாமதப்படுத்தவும் தம் ஆட்களின் உயிரைக் காக்கவும் முயன்றவர். மீண்டு வந்த கைதிகள் பலர் படத்தின் மீது கோபம் கொண்டதில் நியாயம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய மௌனம் ஒன்றும் படத்தில் உண்டு. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர். இறந்தோர் 12,000க்கும் மேல். அவர்களைப் போல மும்மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் அனுப்பப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் அவர்களில் அடங்குவர். காலராவிலும் பட்டினியிலும் இறந்த அவர்களுக்குக் கைதிகளுக்கு இருந்ததுபோல் பெயர்ப் பட்டியலோ தனித்தனிக் கல்லறைகளோ இல்லை. மலேசியத் தமிழர்கள் 'சயாம் மரண ரயில்' என்று இன்றும் நினைவுகூரும் அந்தச் சாவுகளின் தடயம் படத்தில் அறவே இல்லை. இது கின்னஸின் குற்றமன்று. ஆனால் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் வீம்பை அவ்வளவு துல்லியமாக அவர் நடித்துவிட்டதாலேயே, உலகம் அந்தப் பாதையை அந்த ஒருவருடைய கதையாக நினைவில் வைத்துக்கொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1959இல் 'சர்' பட்டம் வந்தது. அடுத்த ஆண்டு மேடையில், முதல் உலகப் போரில் அரபுக் கிளர்ச்சிக்குத் துணைநின்ற ஆங்கிலேய அதிகாரி டி. இ. லாரன்ஸாக நடித்தார், 1962இல் லீன் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' எடுத்தபோது அந்த வேடத்துக்கு வயது கடந்துவிட்டதால் அரபு இளவரசர் ஃபைசல் ஆனார். அதற்கிடையே ஹாலிவுட் படமொன்றில் ஜப்பானிய வணிகராகவும் தோன்றினார். அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளின் முற்பகுதியிலும் வந்த படங்களில் முதலாம் சார்ல்ஸ் மன்னர் உட்படச் சில வேடங்களைத் தவிர நினைவில் நிற்பவை குறைவு.

பிறகு 'ஸ்டார் வார்ஸ்'. 1976இல் துனிசியாவிலும் இலண்டனை அடுத்த எல்ஸ்ட்ரீயிலும் அந்தப் படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது, வசனங்கள் குப்பை என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். படப்பிடிப்பு தொடங்கிய பிறகே, அவர் ஏற்ற முதிய போர்வீரர் ஓபி-வான் கதையின் நடுவில் இறந்துபோகும்படி இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் மாற்றினார். ஒப்பந்தத்தில் வருவாய்ப் பங்கு 2 விழுக்காடு இருந்தது. லூகாஸ் பின்னர் அதைச் சற்றே உயர்த்தினார். வாழ்நாள் முழுவதும் பணக் கவலை இல்லாமல் போனது. அந்தப் படத்தின் புகழைப் பற்றி அவர் எரிச்சலோடு எழுதியவை பிரபலம். அவர் அதை வெறுத்தார் என்பதும் பொதுப்பேச்சு. வெறுத்தவர் நடிப்பது போலவா அந்த வேடம் இருக்கிறது? நம்ப முடியாத சொற்களை, நேற்றுக்கூடச் சொன்ன சொற்கள் போல இயல்பாகச் சொல்லிவிட்டுப் போகிறார். சுற்றிலும் உள்ள பொம்மை உலகத்துக்குப் பழமையும் இழப்பும் உண்டு என்று பார்வையாளர் நம்புவது அவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுமுன் விடும் சிறு இடைவெளியால்தான். 1980இல் ஆஸ்கர் அமைப்பு திரைநடிப்புக் கலைக்காக அவருக்குச் சிறப்பு விருது வழங்கியது.

எனினும் அவருடைய முறை முழுமை எய்தியது சின்னத்திரையில். 1979 செப்டம்பரில் பிபிசி ஏழு பகுதிகளாக ஒளிபரப்பிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' தொடரில், ஓய்வுபெற்ற உளவு அதிகாரி ஜார்ஜ் ஸ்மைலியாக நடித்தார். நாவலாசிரியர் ஜான் லெ கார்ரே, பிரிட்டிஷ் உளவுத் துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்டுஃபீல்டுடன் அவருக்கு ஒரு மதிய உணவை ஏற்பாடு செய்து கொடுத்தார். உளவின் இரகசியங்களைப் பற்றிக் கின்னஸ் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. ஓல்டுஃபீல்டின் கைமுடிப் பொத்தான்களையும் காலணிகளையும், கண்ணாடிக் குவளையின் விளிம்பை அவர் விரலால் துடைத்த விதத்தையும் கவனித்துக்கொண்டிருந்தார். விருந்து முடிந்ததும், அவர் விஷம் இருக்கிறதா என்று பார்த்தாரோ என்று லெ கார்ரேயிடம் கேட்டாராம்.

ஸ்மைலியின் வேலை கேட்பது. பழைய சகாக்களை ஒவ்வொருவராகச் சந்தித்து, அவர்களைப் பேசவிட்டு, இரட்டை உளவாளி யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் பத்து நிமிடம் பேசுவார்; கேமராவோ பெரும்பாலும் தடித்த கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் ஸ்மைலியின் கண்களில் நிற்கும். அந்தக் கண்களில் இரக்கமா, கணக்கா, தூக்கமா என்று சொல்ல முடியாது. கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டையின் நுனியால் துடைப்பதே அவருடைய மிகப் பெரிய அசைவு. தன் மனைவியின் துரோகம் பற்றிய பேச்சு எழும்போது அந்த முகத்தில் ஒன்றும் நடப்பதில்லை, நமக்குத்தான் பார்க்கக் கூசுகிறது. மேடையில் அரங்கை நிரப்பாத குறையாகத் தெரிந்தது இங்கே, கேமரா ஓரடித் தொலைவில் இருக்கும்போது, நிகரற்ற பலமாயிற்று. இந்தத் தொடருக்கும் 1982இல் வந்த 'ஸ்மைலீஸ் பீப்பிள்' தொடருக்கும் அவர் பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டாவைப் பெற்றார்.

இரண்டாண்டுகள் கழித்து லீனின் கடைசிப் படமான 'எ பேசேஜ் டு இந்தியா'வில் அந்த முறை சுவரில் முட்டிக்கொண்டது. பெங்களூரிலும் அதைச் சுற்றியும் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் விக்டர் பானர்ஜி, சயீத் ஜாஃப்ரி, ரோஷன் சேத் ஆகியோர் நடிக்க, பேராசிரியர் கோட்போலே என்ற பிராமணராக, முகத்துக்கு மாநிறம் பூசிக் கின்னஸ் வந்தார். கையைக் கூப்பும் விதம், தலையை ஆட்டும் விதம், நடை எல்லாம் கவனித்துச் செய்யப்பட்டவைதாம். ஆனால் அசல் இந்திய நடிகர்களின் நடுவே அவை கவனித்துச் செய்யப்பட்டவையாகவே தெரிகின்றன. ஓர் ஆங்கிலேய வங்கி எழுத்தரின் நடையிலிருந்து அவனுடைய வாழ்க்கை முழுவதையும் கின்னஸால் எட்ட முடிந்ததற்குக் காரணம், அந்த வாழ்க்கையின் கூச்சங்களும் படிநிலைகளும் அவருக்குள் ஏற்கெனவே இருந்தன. கோட்போலேக்கு அந்த இருப்பு இல்லை. ஐம்பதுகளில் உலகம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டதை 1984இல் பலர் கேலி செய்தார்கள். கோட்போலேயின் நடனக் காட்சி படமாக்கப்பட்டுப் பின்னர் தொகுப்பில் வெட்டப்பட்டது. லீனுடனான நாற்பதாண்டு உறவு அந்தக் கசப்போடு முடிந்தது.

அதற்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. 1987இல் வெளியான 'லிட்டில் டோரிட்' படத்தில் கடன்காரச் சிறையின் மூத்த கைதியாக நடித்து மீண்டும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். 1988இல் இலண்டனில் அமெரிக்க-சோவியத் ஆயுதக் குறைப்புப் பேச்சாளர்களைப் பற்றிய இருவர் நாடகத்தில் சோவியத் தூதராக நடித்ததோடு மேடையை விட்டார். பீட்டர்ஸ்ஃபீல்டு அருகே ஐம்பதுகளிலிருந்து வசித்த வீட்டில் மெருலாவோடும் நாய்களோடும் வாழ்ந்துகொண்டு, நினைவுக் குறிப்புகளும் நாட்குறிப்புத் தொகுதிகளுமாக மூன்று நூல்களை எழுதினார். நன்றாக எழுதுகிறார், ஆனால் அவற்றிலும் பிறரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறார். தம்மைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் ஒரு நகைச்சுவைத் துணுக்கைச் சொல்லி நழுவிவிடுகிறார். 2000 ஆகஸ்ட் 5 அன்று ஈரல் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் மெருலாவும் காலமானார்.

அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்பு வெளிவந்த புதிய 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் இளமைக்கால ஓபி-வானாக நடித்த யூவன் மெக்ரெகர், கின்னஸின் பழைய படங்களைப் போட்டுப் பார்த்து, அவருடைய உச்சரிப்பையும் பேச்சின் வேகத்தையும் பயிற்சியாளர் ஒருவரின் துணையோடு பழகிக்கொண்டார். 2011இல் ஸ்மைலியாக நடித்த கேரி ஓல்டுமனும் கின்னஸின் நிழலை எண்ணி முதலில் தயங்கியதாகச் சொல்லியிருக்கிறார். தமக்கென ஒரு முகம் இல்லாதவர் என்று பெயரெடுத்தவரைப் பின்பற்ற முனைந்த இருவருக்கும், பின்பற்றவும் விலகவும் மிகத் தெளிவான ஒரு குரலும் ஒரு நிதானமும் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தன.